கேத்தூரா இறந்த வருடம்

பிளம் கிரீக் சபைக்கு நூற்றைம்பது வயது நிறைவதை ஒட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்துப்போன எஸ்றா ப்ரூயிட்டுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுக்கல் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. எஸ்றாவின் உடல் ஊருக்கு வரவே இல்லை. தெற்கே ஏதோ ஓர் ஆற்றங்கரை முகாமில் காய்ச்சல் கண்டு, அங்கேயே குழியில் இறக்கிவிட்டார்கள். கல்லில் அவன் பேருக்குக் கீழே மனைவி கேத்தூராவின் பேரையும் பொறித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் எந்த வருடம் இறந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற வேலை வெல்டாவின் தலையில் விழுந்தது.

வெல்டாவுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். புருஷன் இறந்து ஒன்பது வருடமாகிறது. எஸ்றாவும் கேத்தூராவும் அவளுக்கு எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி. ஆகவே மறுக்க முடியவில்லை. அவளுடைய அண்ணன் ஆரின் மட்டும் அவ்வளவாக ரசிக்கவில்லை. அவர் ஏழு வயது மூத்தவர், விவசாயி, அந்தச் சபையில் மூப்பர். எஸ்றா பேர் மட்டும் இருந்தால் போதாதா, கல்லில் எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறான் என்றார். சிக்கனம் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

கேத்தூராவைப் பற்றிக் குடும்பத்தில் தெரிந்ததெல்லாம் அவள் மகள் அல்மீடா சொல்லிவிட்டுப் போனதுதான். அல்மீடா வெல்டாவுக்குக் கொள்ளுப்பாட்டி. ஐம்பத்திரண்டு வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள். சபையின் சாப்பாட்டுக் கூடத்தில், காப்பிக் கொதிகலனுக்கு மேலே, கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்பு உடுப்பில் இன்றைக்கும் அவள் படம் தொங்குகிறது. என் அப்பா செத்த சேதி வந்ததும் அம்மா ஏங்கியே செத்துப்போனாள், நான் அப்போது கைக்குழந்தை என்பாளாம். மகனிடம் சொன்னாள், பேரனிடம் சொன்னாள், அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். எஸ்றா இறந்தது 1863. அப்படியானால் கேத்தூரா அந்த வருடமோ அடுத்த வருடமோ என்று வெல்டா கணக்குப் போட்டுக்கொண்டாள்.

மாவட்ட நூலகத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கைத் திறந்த முதல் நாளே அந்தக் கணக்கு தப்பிப்போயிற்று. 1870இல் கேத்தூரா ப்ரூயிட், வயது முப்பது, மகள் அல்மீடா, எட்டு என்று இருந்தது. 1880இல் கேத்தூராவுக்கு நாற்பது, மகளுக்குப் பதினெட்டு. அதே வீட்டில் மூன்றாவதாக ஜூபல் ஸ்ட்ரவுட், நாற்பத்து நான்கு, வேலையாள். வேறு யாரோ ஒரு கேத்தூராவாக இருக்கும் என்று வெல்டா நினைத்துப் பார்த்தாள். அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. அடுத்த வீட்டுக்காரர் பேர் மூப்பர் டால்பர்ட் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவருடைய மகனைத்தான் அல்மீடா கட்டிக்கொண்டாள். வெல்டாவின் பிறந்த வீட்டுப் பேரே டால்பர்ட்தான்.

போர் விதவைகளுக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுத்தது, அந்தக் கோப்புகளைக் கேட்டு எழுதினால் நகல் அனுப்புவார்கள் என்று நூலகத்தில் சொன்னார்கள். எழுதிப்போட்டாள். ஏழு வாரம் கழித்துத் தடித்த உறை ஒன்று வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அந்தக் காலத்துச் சாய்ந்த கையெழுத்து. சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தாள். இரண்டாம் நாள் அடுப்பில் வைத்த பீன்ஸ் கரிந்துபோனது கூட மூக்கில் ஏறவில்லை.

இருபது வருடம் பென்ஷன் ஒழுங்காக வந்திருக்கிறது. 1884 மே மாதம் பென்ஷன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. கீழே பேர் இல்லை, ‘ஒரு கிறிஸ்தவன்’ என்று மட்டும் இருந்தது. விதவை ஒருத்தி கல்யாணம் செய்யாமல் ஓர் ஆணோடு மனைவியாக வாழ்ந்தால் பென்ஷனை நிறுத்த அப்போது சட்டம் இருந்தது. ஆகஸ்டில் ஒரு விசாரணை அதிகாரி குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மூப்பர் டால்பர்ட்டின் முன்னறையில் நான்கு நாள் உட்கார்ந்து பதினொரு பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்.

சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்தார். அவன் சட்டையும் அவள் பாவாடையும் ஒரே கொடியில் காய்கின்றன, ஒரு திங்கட்கிழமை அல்ல, எல்லாத் திங்கட்கிழமையும் என்றாள் ஒருத்தி. ஜூபலும் அதே போரில் சண்டை போட்டவன்தான். இடது கையை அங்கே விட்டுவிட்டு வந்தவன். கடிவாளக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் ஏர் பிடித்தான். அதைக்கூட ஊர் அவன் மேல் குற்றமாக வைத்தது.

“ஒத்தக் கையனுக்கு யாரு வேலை குடுப்பா? இவ குடுத்தா. ஏன் குடுத்தான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க,” என்றிருந்தாள் பக்கத்துப் பண்ணைக்காரி. “அவன் பூட்ஸ் கயித்த யாரு கட்டுறாங்கறீங்க? வாசப்படியில உக்காந்து அவதான் கட்டிவிடுறா. பட்டப்பகல்ல.”

எட்டாவது வாக்குமூலம் அல்மீடாவுடையது. வயது இருபத்திரண்டு, திருமணமானவர், நற்பெயர் உடையவர் என்று அதிகாரி எழுதியிருந்தார். வெல்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“படிக்கப் போன நாலு வருஷம் போக, கல்யாணமாகிப் போற வரைக்கும் நான் அந்த வீட்டுலதான் இருந்தேன். முதல் வருஷம் அவர் பரண்ல படுத்தார். அந்தக் குளிர்காலத்துக்கு அப்புறம் பரண்ல வெங்காயம்தான் இருந்துச்சு. கீழ ஒரே கட்டில். நான் அடுப்படியில படுப்பேன்.”

“ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா இருந்தாங்கன்னு சொல்றீங்களா?”

“ஆமா.”

அடியில் அல்மீடாவின் கையொப்பம் கொடி போல் வளைந்து அழகாக இருந்தது. தகப்பனை இழந்த பிள்ளைக்கென்று வந்த பணத்தை வீட்டுச் செலவில் தொடாமல், கேத்தூரா மகளை நகரத்தில் தங்கவைத்து நான்கு வருடம் படிக்கவைத்திருந்தாள். அதற்கான ரசீதுகளும் அதே கோப்பில் முன்பக்கங்களில் இருந்தன. சாட்சி அழுதார் என்று அதிகாரி ஓரத்தில் குறித்திருந்தார். மாமனார் டால்பர்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்றும், யாராவது வற்புறுத்தினார்களா என்று இரண்டு முறை கேட்டதற்குச் சாட்சி இல்லை என்று தலையசைத்தார் என்றும் எழுதியிருந்தார்.

கடைசியாகக் கேத்தூராவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகளை வெளியே அனுப்பவில்லை.

“அந்த ஆள் உங்க வீட்டுல எங்க படுக்கிறார்?”

“குளிர்காயக் கணப்பு எங்க இருக்கோ அங்க.”

“நீங்க ஏன் அவரைக் கல்யாணம் பண்ணிக்கல?”

“பண்ணிக்கிட்டா பென்ஷன் போயிடும். பென்ஷன் போனா நிலம் போயிடும். அவர் போனா உழுறதுக்கு ஆளில்ல. இதுல எந்தப் பாவத்தப் பண்ணட்டும்னு நீங்களே சொல்லுங்க ஐயா.”

“புருஷன் பெண்டாட்டியா வாழுறீங்களா இல்லையா?”

“இங்க என் மக உக்காந்திருக்கா. அவ முன்னால அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.”

சாட்சி பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று அதிகாரி முடித்திருந்தார். கீழே கேத்தூரா போட்ட பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவள். பேனாவை அழுத்தியதில் மை பரவியிருந்தது.

அக்டோபரில் பென்ஷன் நின்றது. நான்கு வருடம் கழித்து அவளுடைய நாற்பது ஏக்கர் வரிப் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் மூப்பர் டால்பர்ட். வெல்டா பிறந்து வளர்ந்த வீடு இன்றைக்கும் அந்த நாற்பது ஏக்கரில்தான் நிற்கிறது. கோப்பின் கடைசியில் 1890இல் வேறு யாரையோ வைத்து எழுதிய ஒரு கடிதம் இருந்தது. ஜூபல் ஸ்ட்ரவுட் போன மார்ச்சில் சளிக் காய்ச்சலில் இறந்துவிட்டார், இப்போது என்னோடு யாரும் இல்லை, ஆகையால் பென்ஷனைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருந்தாள். இயலாது என்று ஒரு வரியில் பதில் போயிருந்தது.

இதற்கப்புறம் அவள் எங்கே போயிருப்பாள் என்று வெல்டா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் நாதியற்றவர்கள் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கிழக்குச் சாலையில் மாவட்டம் நடத்திய ஏழைப் பண்ணை. நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் அதன் பதிவேடு இருந்தது. குமாஸ்தா விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். 1891ஆம் வருடத்துப் பக்கத்தில் விரல் நின்றது. கேத்தூரா ப்ரூயிட், வயது ஐம்பத்தொன்று, விதவை, இடுப்பு முறிந்து நடக்க இயலாதவர். இறப்பு, 1897 பிப்ரவரி. அடக்கம் செய்த எண் முப்பத்தொன்று. உறவினர் என்ற கட்டத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதியிருந்தது.

அங்கிருந்து நான்கு மைல் தள்ளி அல்மீடா நான்கு பிள்ளைகளோடு நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டால்பர்ட் வீட்டு வண்டி ஏழைப் பண்ணை வாசலைத் தாண்டித்தான் சபைக்குப் போகவேண்டும். வேறு சாலை கிடையாது. அந்தச் சாலையில்தான் வெல்டா முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினாள். யாருமில்லை என்று சொன்னது யார்? மகளா, தாயா? மகள் சொல்லியிருந்தால் கோபப்பட்டுக்கொள்ளலாம். ஒருவேளை தாயே, கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படிச் சொல்லியிருந்தால்? வெல்டா பதிவேட்டை மூடாமலே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மற்றப் பக்கங்களையும் புரட்டினாள். அடக்கம் செய்தவர்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

மறுநாள் காலை அண்ணனைப் பார்க்கப் போனாள். மார்ச் மாதம். ஆரின் கொட்டகையில் விதைக்கிற இயந்திரத்துக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முனையாகத் துடைத்து அடித்துக்கொண்டே கேட்டார்.

“சரி. இப்போ என்ன செய்யணுங்கற?” என்றார்.

“அந்தப் படத்த ஹால்ல இருந்து கழட்டணும். பெத்தவள உயிரோட புதைச்சிட்டு அம்பது வருஷம் பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக் குடுத்திருக்கா.”

“நீ கழட்டப் போறியாக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன் வீட்டு வாசல்ல அந்த லைல்ங்கறவனோட பிக்கப் வண்டி நிக்குதே, அதப் பத்திச் சபையில பேசாத ஆளு யாரு? செத்த உன் புருஷன் பேர்ல வர்ற இன்சூரன்ஸ் போயிடும்னுதான நீயும் அவனக் கட்டிக்காம இருக்க. நான் ஏதாவது கேட்டேனா? வாய மூடிக்கிட்டுதான இருக்கேன்.”

“அதத்தான் அண்ணா அல்மீடாவும் செஞ்சிருக்கணும்,” என்றாள் வெல்டா.

அவர் நிமிர்ந்தார். கிரீஸ் அடிக்கிற கருவியைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துணியை விடவில்லை.

மாவட்டம் ஏழைப் பண்ணையை மூடி ஏலம் விட்டது 1958இல். எண்பது ஏக்கரையும் எடுத்தது அவர்களுடைய அப்பா. வெல்டாவுக்கு அது தெரிந்ததுதான். கல்லறைகள் அந்த நிலத்தில் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்டாள்.

“வடக்கு மூலையில,” என்றார் ஆரின்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்ல எடுத்ததே நாங்கதான். எனக்குப் பன்னெண்டு வயசு. சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல்லு, பேரு கிடையாது, நம்பர் மட்டும் வெட்டியிருக்கும். அப்பா கடப்பாறையால நெம்புவாரு, நான் வண்டியில ஏத்துவேன். பாதி எடுத்ததும் அப்பா ஒரு இடத்துல உக்காந்துட்டாரு. ‘இதுல ஒண்ணு நம்மளோடது. எதுன்னு தெரியாது. பேசாம எடு’ன்னாரு.”

நம்மளோடது என்றால் யார் என்று கேட்கவில்லையா என்றாள் வெல்டா. கேட்கிற மாதிரியா அப்பா இருந்தார் என்றார் அவர். யாரோ தூரத்துச் சொந்தம், குடித்துக் கெட்டவன் எவனோ என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். நினைக்காமல் இருக்கத்தான் முயன்றாராம். அந்தக் கற்கள் எங்கே என்று கேட்டாள். பழைய பன்றிக் கொட்டகையின் தரைக்கு அடியில் போட்டு, மேலே சிமென்ட் ஊற்றிவிட்டார்கள்.

“அந்த மூலைய மட்டும் விட்டுடு அண்ணா. அரை ஏக்கர்தான இருக்கும். விதைக்காத.”

“எங்க கோடு போடச் சொல்ற? அம்பத்தெட்டு வருஷமா உழுதாச்சு. அப்பா உழுதாரு, நான் உழுதேன். இப்போ நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?”

“நடந்ததச் சொல்லு.”

ஆரின் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் போய் மறுபடியும் குனிந்துகொண்டார். வெல்டாவுக்கு அவருடைய தொப்பி மட்டுந்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

கல் வெட்டுகிறவரிடம் அவளே போய், கேத்தூரா, 1840–1897 என்று எழுதிக் கொடுத்தாள். மே மாதக் கடைசி ஞாயிறன்று ஆராதனை முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். போதகர் ஜெபம் செய்து துணியை விலக்கினார். கைதட்டினார்கள். சித்தப்பா மகள் ஒருத்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

“தொண்ணூத்தேழா? அப்போ அல்மீடா பாட்டிக்கு முப்பத்தஞ்சு வயசு ஆயிருக்குமே,” என்றாள். “கைக்குழந்தைன்னுல்ல சொன்னாங்க.”

வெல்டா மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், பன்றிக்கறியும் சோள ரொட்டியும் கை மாறிக்கொண்டிருந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னாள். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்குத்தானா இதையெல்லாம் கிளற வேண்டும் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. ஏழைப் பண்ணை என்று சொன்னாளே தவிர, அது இப்போது யாருடைய நிலம் என்று அவளும் சொல்லவில்லை. அண்ணனைக் கூட்டத்தில் வைத்துக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஆரினின் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடாமலே போயிருந்தார். படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வாரமே அவர் ஏழைப் பண்ணை இருந்த கிழக்கு வயலில் சோயா விதைத்தார். வேலிக்கு வேலி, ஒரு மூலையும் விடாமல்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஜூன் முழுக்க வெல்டா நிலவறைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்து நாற்பத்து மூன்று பேருடைய பேர், வயது, இறந்த தேதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள். மூளை சரியில்லாதவர்கள், கிழவர்கள், பிரசவத்துக்கென்று வந்து சேர்ந்த வேலைக்காரப் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள். தட்டச்சு செய்து நூலகத்தில் கொடுத்தாள். அவர்கள் அதை இணையத்தில் போட்டார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் அவளுக்கே தோன்றியது.

ஆகஸ்டில் மேற்குக் கோடியில் இருக்கும் ஆரிகன் மாநிலத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேர் மெர்வின் ஹாஸ்கெட். எழுபத்தெட்டு வயது என்றார். பட்டியலில் முப்பத்தெட்டாவது பேர், தியோடோசியா விங்க்ளர், நான்கு வயது, 1901. அது தன் அம்மாவைப் பெற்றவளின் தங்கை என்றார்.

“ரெண்டு பேரையும் அங்க விட்டுட்டு அம்மாக்காரி செத்துப்போயிட்டா. மூத்தவள மட்டும் ஒரு குடும்பத்துக்காரங்க வளக்க எடுத்துக்கிட்டாங்க. அவங்கதான் எங்க பாட்டி. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தான்னு பாட்டி சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. நாங்க யாரும் நம்பல. ஏதோ புத்தி தடுமாறிப் பேசுறாங்கன்னு நினைச்சோம்.”

வெல்டா பதிவேட்டில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். தட்டம்மை என்றிருந்தது. மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றார். ஒரு சின்னக் கல்லாவது வைக்க வேண்டும் என்றார்.

“அங்க இப்போ என்ன இருக்கும்மா? தோட்டம் மாதிரி ஏதாவது வேலி போட்டு வெச்சிருக்காங்களா?”

“சோயா போட்டிருக்கு.”

“யாரோட நிலம்?” என்றார்.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆரிகனில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியப் போகிறது?

“எங்க அண்ணனோடது,” என்றாள். “கல்லையெல்லாம் எடுத்தது எங்க அப்பா. உங்க குழந்தையோட கல்லும் அதுல போயிருக்கும். எந்த இடம்னு யாராலயும் காட்ட முடியாது. நீங்க வாங்க. மூலை எதுன்னு நான் காட்டுறேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. செடி எவ்வளவு உயரம் இருக்கிறது என்று கேட்டார். இடுப்பளவு என்றாள். அறுப்பு எப்போது என்றார். அக்டோபர் முதல் வாரம் என்றாள். அப்படியானால் இரண்டாவது வாரம் வருகிறேன், செடியை மிதித்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே வெல்டா வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் போகிறாள். ஆரின் முன்வாசலில் நின்றிருந்தார். இறங்காமலே, கண்ணாடியை இறக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். குழந்தையின் வயதையும் சொன்னாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முகம் வற்றிப் போயிருந்தது.

“அவர் வர்றப்ப வயல் கேட்டப் பூட்ட மாட்டேன்,” என்றார். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.